டவர் இல்லாத மலையில் வழிகாட்டும் இலவச வரைபடம்: நீலகிரிக்குக் கிளம்பும் முன் செய்ய வேண்டியவை

மேட்டுப்பாளையம் தாண்டி மலை ஏறத் தொடங்கியதும் பல வளைவுகளில் டவர் போய்விடும். மஞ்சூர், கூடலூர் பக்கம் கேட்கவே வேண்டாம். ஆனால் போனில் உள்ள ஜிபிஎஸ் வேலை செய்ய இணையம் தேவையில்லை. வரைபடத்தை முன்பே இறக்கி வைத்துவிட்டால் சிம் கார்டு இல்லாத போன்கூட வழிகாட்டும். இதற்கு நான் நம்புவது ஓபன்ஸ்ட்ரீட்மேப். 2004-இல் இங்கிலாந்தில் தொடங்கிய திட்டம் இது. உலகெங்கும் தன்னார்வலர்கள் தங்கள் ஊர்ச் சாலைகளை வரைந்து சேர்க்கிறார்கள், யாரும் காசில்லாமல் எடுத்துக்கொள்ளலாம்.

1. செயலி

ஓபன்ஸ்ட்ரீட்மேப்பைப் போனில் பார்க்க ஒரு செயலி வேண்டும். புதிதாகத் தொடங்குபவர்களுக்கு ஆர்கானிக் மேப்ஸ்தான் என் தேர்வு. விளம்பரம் இல்லை, கணக்குத் தொடங்க வேண்டாம், பார்த்ததும் புரியும். இதே வரைபடத்தைக் காட்டும் இன்னொரு செயலியான ஓஸ்ம்ஆண்டில் வசதிகள் அதிகம், ஆனால் எது எங்கே இருக்கிறது என்று பழகவே நாளாகும். அதன் இலவசப் பதிப்பை பிளே ஸ்டோரில் எடுத்தால் இத்தனை வரைபடம்தான் என்று வரம்பும் உண்டு.

2. வரைபடத்தை இறக்குதல்

வீட்டு வைஃபையிலேயே முடித்துவிடுங்கள். தமிழ்நாடு மட்டும் போதாது, கேரளாவும் கர்நாடகாவும் சேர்த்தே வேண்டும். கூடலூரிலிருந்து நாடுகாணி வழியாக இறங்கினால் நிலம்பூர், பந்தலூர் வழியாகப் போனால் வயநாடு, தெப்பக்காடு தாண்டி கக்கநல்லா செக்போஸ்ட்டைக் கடந்தால் பந்திப்பூர். அடுத்த மாநிலத்தின் வரைபடம் இல்லையென்றால் எல்லையோடு சாலையின் விவரம் நின்றுவிடும்.

தங்கும் இடம், பெட்ரோல் பங்க், பார்க்கப் போகும் ஊர்கள் எல்லாவற்றையும் இப்போதே குறித்து வையுங்கள். ஊட்டி என்று தேடி வராதது உதகமண்டலம் என்று தேடினால் வரும். எழுத்துக்கூட்டலோடு மல்லுக்கட்ட வீடுதான் சரியான இடம்.

3. வழி போடுதல்

இங்கேதான் நிதானம் வேண்டும். நீலகிரியில் எதிரெதிர்ச் சரிவுகளில் இருக்கும் இரண்டு ஊர்களுக்கு நடுவே தார்ச்சாலை பல கிலோமீட்டர் சுற்றிக்கொண்டு போகும். தேயிலைத் தோட்டத்தின் நடுவே ஒரு பாதை நேராக இறங்கும். செயலி கணக்குப் போட்டுப் பார்த்து அந்தக் குறுக்குப் பாதையைக் காட்டிவிடலாம். அது இலை ஏற்றும் டிராக்டருக்காகப் போட்ட எஸ்டேட் பாதை. கீழே போய்ப் பார்த்தால் சங்கிலி போட்ட கேட் இருக்கும். ஒரு பக்கம் செடி, மறுபக்கம் பள்ளம், காரைத் திருப்ப இடம் இருக்காது. ரிவர்ஸிலேயே மேலே ஏற வேண்டும்.

வரைந்தவர் அதைத் தனியார் பாதை என்று குறித்திருந்தால் செயலி பொதுவாக விலகிப்போகும். குறிக்காமல் விட்டிருந்தால் அதற்குப் பொதுச்சாலைதான். ஆகவே வழி வந்ததும் உடனே கிளம்பிவிடாதீர்கள். வரைபடத்தைப் பெரிதாக்கி, வழியைத் தொடக்கத்திலிருந்து கடைசிவரை விரலால் நகர்த்திப் பாருங்கள். மண்பாதையைக் காட்டும், விட்டுவிட்டு வரும் மெல்லிய கோட்டின் மேல் உங்கள் வழி ஏறுகிறதா? ஏறினால் அந்த வழி வேண்டாம். மண்சாலையைத் தவிர்க்கும் அமைப்பையும் போட்டு வையுங்கள், ஆனால் அதை மட்டும் நம்ப முடியாது. மண்சாலை என்று யாரோ குறித்திருந்தால்தான் செயலிக்குத் தெரியும்.

நிச்சயமான வைத்தியம், நடுவில் ஒரு நிறுத்தம் சேர்ப்பது. கோத்தகிரியிலிருந்து ஊட்டிக்கு என்றால் கட்டபெட்டை நடுவில் போடுங்கள். வழி தானாகப் பெரிய சாலைக்கு வந்துவிடும்.

சம உயரக் கோடுகளைக் காட்டும் அடுக்கையும் திறந்து வைப்பது நல்லது. கோடுகள் நெருங்கி இருந்தால் அங்கே செங்குத்து என்று அர்த்தம்.

4. வரைபடத்தை நம்பி விடக்கூடாதவை

பந்திப்பூர் காட்டுச் சாலை இரவு 9 முதல் காலை 6 வரை மூடியிருக்கும். கல்லட்டி மலைப்பாதையில் வெளியூர் வண்டிகளுக்குக் கட்டுப்பாடு உண்டு. கோடைக் கூட்டத்தில் குன்னூர் சாலையையும் கோத்தகிரி சாலையையும் ஒருவழியாக்குவார்கள். செக்போஸ்ட்டில் கேட்டுக்கொள்ளுங்கள். நீலகிரிக்கு வரும் வெளியூர் வண்டிகளுக்கு 2024 மே முதல் வந்த இ-பாஸையும் (இணையத்தில் எடுக்கும் அனுமதிச் சீட்டு) டவர் இருக்கும்போதே எடுத்து, படமாகச் சேமித்துவிடுங்கள்.

5. ஒத்திகை

வீட்டிலேயே ஏரோபிளேன் மோடு போட்டு, ஜிபிஎஸ் மட்டும் விட்டு, மொட்டைமாடியில் வழி போட்டுப் பாருங்கள். இணையம் இல்லாதபோது முதல் முறை இடம் பிடிக்க நேரமாகும். ஒவ்வொரு செயற்கைக்கோளும், போன் இடம் பிடிக்கத் தேவையான தன் பாதை விவரத்தை 30 நொடிக்கு ஒருமுறை திரும்பச் சொல்கிறது. நடுவே மரமோ பாறையோ மறைத்தால் அடுத்த சுற்றுக்குக் காத்திருக்க வேண்டும். அதனால் மேட்டுப்பாளையத்திலேயே, திறந்த வானத்தின் கீழ், அம்புக்குறி நிலைத்து நிற்கும்வரை பொறுத்திருந்து கிளம்புங்கள்.

6. திருத்தம்

மூடிய கேட் கண்ணில் பட்டால் ஓபன்ஸ்ட்ரீட்மேப் தளத்தில் அந்த இடத்தில் ஒரு குறிப்பு விடுங்கள். அடுத்து வருபவர் ரிவர்ஸில் ஏற வேண்டியிருக்காது. நேரில் பார்த்ததை மட்டும் எழுதுங்கள். வேறு நிறுவன வரைபடத்தைப் பார்த்து நகலெடுப்பது உரிமச் சிக்கல்.

பின்சேர்க்கை: கார்மின் என்ற தனி ஜிபிஎஸ் கருவி வைத்திருக்கும் சிலர் கேட்டார்கள். அதற்கும் ஓபன்ஸ்ட்ரீட்மேப்பிலிருந்து செய்த கோப்புகள் இலவசமாகக் கிடைக்கின்றன. மெமரி கார்டில் கார்மின் என்ற கோப்புறைக்குள் போட வேண்டும், வெளியே போட்டால் கருவி கண்டுகொள்ளாது. அப்புறம் அமைப்பில் புதிய வரைபடத்தை இயக்கி, பழையதை அணைத்துவிடுங்கள். இல்லையென்றால் இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று விழும்.