ஹைப்ரிட் இன்வெர்ட்டருக்கு சிடி மாட்டும்போது கவனிக்க வேண்டியவை

அடிக்கடி மின்வெட்டு வரும் ஊரில், கரண்ட் போகிற நேரம் பார்த்து பேட்டரி காலியாகக் கிடக்கிறதா? சோலார், பேட்டரி, ஈபி லைன் மூன்றையும் சேர்த்து ஓட்டும் ஹைப்ரிட் இன்வெர்ட்டர் என்றால், பேட்டரியைக் குறை சொல்லுமுன் சிடியை (கரண்ட் டிரான்ஸ்ஃபார்மர்) பாருங்கள். மெயின் ஒயரைக் கவ்வியிருக்கும் அந்தச் சின்ன வளையம்தான் கரண்ட் வீட்டுக்குள் வருகிறதா, லைனுக்குப் போகிறதா என்று இன்வெர்ட்டருக்குச் சொல்கிறது. அது தலைகீழாக இருந்தால், வெளியே போவதை உள்ளே வருவதாக எண்ணி இன்வெர்ட்டர் மேலும் மேலும் கொடுக்கும். பேட்டரி லைனுக்கே வடிந்துவிடும்.

மெயின் சுவிட்ச், இன்வெர்ட்டர் இரண்டையும் அணைத்து, டெஸ்டர் வைத்துப் பார்த்த பிறகே பெட்டிக்குள் கை வையுங்கள். மெயின் சுவிட்சிலிருந்து வெளியே வரும் ஃபேஸ் ஒயரில், எந்தக் கிளையும் பிரியுமுன் மாட்ட வேண்டும். மீட்டருக்கு முந்தைய ஒயர் ஈபியுடையது, தொடக்கூடாது. நியூட்ரலும் சேர்ந்து வளையத்துக்குள் போனால் இன்வெர்ட்டர் திரையில் பூஜ்யம்தான் வரும். சிடி மேல் இருக்கும் அம்புக்குறி சில கம்பெனிகளில் இன்வெர்ட்டரைப் பார்க்க வேண்டும், சிலவற்றில் லைனைப் பார்க்க வேண்டும். மேனுவலைப் பார்த்தே முடிவு செய்யுங்கள்.

முதலில் சிடியின் இரு ஒயர்களையும் இன்வெர்ட்டரில் அதனதன் இடத்தில் இறுக்கிவிட்டு, பிறகு கவ்வியை மூடுங்கள். 5 ஆம்ப் செகண்டரி (இன்வெர்ட்டருக்குப் போகும் பக்கம்) உள்ள சிடியில் கரண்ட் ஓடும்போது ஒயர் திறந்து கிடந்தால் ஆபத்தான வோல்டேஜ் எழும். கவ்வியின் வாயில் தூசி இருந்தால் ரீடிங் குறையும். துடைத்து, 'கிளிக்' சத்தம் கேட்கும்வரை அழுத்துங்கள். ஒயரை நீட்ட வேண்டுமென்றால் முறுக்கிய ஜோடி ஒயர் போட்டு, பவர் ஒயர் போகும் பைப்பில் சேர்க்காமல் தனியே கொண்டுபோங்கள்.

சிடியில் 100 ஆம்ப் / 50 மில்லிஆம்ப் என்று இருந்தால் விகிதம் 2000:1. செட்டிங்கில் 1000:1 போட்டால் திரை பாதிதான் காட்டும்.

இனி சோதனை. சோலார் பிரேக்கரை இறக்கி, பேட்டரி சார்ஜ், டிஸ்சார்ஜ் இரண்டையும் நிறுத்தி, 2000 வாட் கீசரை மட்டும் ஓட விடுங்கள். 230 வோல்ட் இருந்தால் சுமார் 8.7 ஆம்ப். லைன் 200 வோல்ட்டுக்கு இறங்கியிருந்தால் அதே கீசர் 1500 வாட் அளவுதான் இழுக்கும். அதனால் கீசரில் அச்சிட்ட எண்ணை நம்பாமல், கிளாம்ப் மீட்டர் காட்டும் ஆம்பை அப்போதைய வோல்ட்டால் பெருக்கி, இன்வெர்ட்டர் திரையில் வரும் வாட்டோடு ஒப்பிடுங்கள். அளவு சரியாக இருந்து, உள்ளே வருவதை வெளியே போவதாகக் காட்டினால் (பல இன்வெர்ட்டர்களில் மைனஸ்) சிடியைத் திருப்பிப் போடுங்கள்.

த்ரீ ஃபேஸில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். 2000 வாட் ஓடும்போது மைனஸ் 1000 வந்தால் சிடி தலைகீழ் இல்லை. ஒரு ஃபேஸின் சிடி இன்னொரு ஃபேஸின் இடத்தில் சொருகப்பட்டிருக்கிறது. அதைத் திருப்பிப் போட்டால் பிளஸ் 1000 வரும், சரியானதுபோலத் தெரியும், ஆனால் கணக்கு என்றைக்கும் தப்பு. ஒவ்வொரு ஃபேஸிலும் கீசரைத் தனித்தனியே ஓட்டிப் பாருங்கள்.

பேட்டரி கரண்டை அளப்பது வேறு சென்சார், பெரும்பாலும் ஹால் சென்சார் (காந்தப்புலத்தை வைத்து அளப்பது) அல்லது ஷன்ட் (கரண்ட் ஓடும் சிறு ரெசிஸ்டர்). கரண்டே ஓடாதபோது அது 0.5 ஆம்ப் காட்டினால், ஒரு நாளில் 12 ஆம்பியர்-மணி பிழை சேரும். 100 ஆம்பியர்-மணி (ஏஹெச்) பேட்டரியில் அது 12 சதவீதம். முழு சார்ஜ் ஆகும்போதுதான் பேட்டரியில் எத்தனை சதவீதம் இருக்கிறது என்ற கணக்கு மறுபடி 100-க்குத் திரும்பும். மின்வெட்டு அதிகமான இடத்தில் பேட்டரி முழுதாக நிரம்புவதே அரிது. கரண்ட் நிலையாக இருக்கும் ஓர் இரவு பார்த்து, இரு வாரத்துக்கு ஒருமுறையாவது 100 வரை ஏற்றுங்கள்.