நீங்க லீவுல இருந்தாலும் போன் வராத மாதிரி டெஸ்ட் கேஸ் எழுதறது எப்படி

சாஃப்ட்வேர் டெஸ்டிங்ல சேர்ந்த புதுசுல நான் எழுதுன டெஸ்ட் கேஸ் (ஆப்ல எதை எப்படி செஞ்சு பாக்கணும், என்ன வரணும்னு எழுதி வைக்கறது) ஒன்னு: "சரியான விவரம் போட்டு சப்மிட் பண்ணவும். எக்ஸ்பெக்டட் ரிசல்ட்: சரியா வேலை செய்யணும்." எழுதிட்டு பொங்கலுக்கு ஊருக்கு போயிட்டேன். எனக்கு பதிலா ஓட்டுன பையன் சப்மிட் பண்ணான், பச்சை டிக் வந்துச்சு, பாஸ்னு போட்டுட்டான், ஆனா காசு ரெண்டு தடவை கட் ஆயிருந்துச்சு, அத அவன் பாக்கல, ஏன்னா பாக்கணும்னு நான் எழுதவே இல்ல. திட்டு எனக்குத்தான் விழுந்துச்சு, விழ வேண்டியதுதான்.

அதுல இருந்து நான் பாக்குறது ஒன்னே ஒன்னு. ஒரே கேஸை ரெண்டு பேர் தனித்தனியா ஓட்டுனா ரெண்டு பேரும் ஒரே முடிவுக்கு வரணும். "சரியா", "வேகமா", "ஒழுங்கா" இதெல்லாம் எக்ஸ்பெக்டட் ரிசல்ட்ல வந்தா அடிச்சுடுங்க.

ரயில் டிக்கெட் புக்கிங் ஆப்பை டெஸ்ட் பண்றோம்னு வைங்க. 5 வயசுக்கு கீழ உள்ள குழந்தைக்கு தனி பெர்த் கேக்கலைன்னா டிக்கெட் வேணாம், 5 முடிஞ்சு 12க்குள்ள இருந்து பெர்த் வேணாம்னா பாதி கட்டணம், பெர்த் வேணும்னா முழு கட்டணம். இதுக்கு 6, 7, 8ன்னு வரிசையா எழுதிட்டு போகாதீங்க, 7க்கு வர்றதுதான் 8க்கும் வரும். 4, 5, 11, 12 இந்த நாலையும் புடிங்க. டெவலப்பர் "12க்கு கீழ"ன்னு போட வேண்டிய இடத்துல "12 வரைக்கும்"னு போட்டிருந்தா அது 12ல மட்டும்தான் மாட்டும். பக் (ஆப்ல இருக்கற தப்பு) பெரும்பாலும் ஓரத்துலதான் உக்காந்திருக்கும். ஒரு டிக்கெட்ல சாதாரணமா 6 பேர், தட்கல்னா 4 பேர், அங்கயும் இதே கதைதான்: 6 போகணும், 7 போகக்கூடாது, தட்கல்ல 4 போகணும், 5 போகக்கூடாது.

இப்ப ஒரு கேஸ் எழுதுவோம்.

தலைப்பு: 11 வயசு குழந்தை, பெர்த் வேணாம், பாதி கட்டணம் வருதா
ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி: லாகின் ஆயிருக்கணும், ஸ்லீப்பர்ல இடம் இருக்கற ட்ரெயினை செலக்ட் பண்ணி பெரியவங்க ஒருத்தரை சேத்திருக்கணும், அடிப்படை கட்டணம் ஆளுக்கு 300 ரூபா
ஸ்டெப்: பயணியை சேர்க்கவும், வயசு 11, "பெர்த் வேண்டாம்" டிக் பண்ணவும், கட்டணத்தை பாக்கவும்
எக்ஸ்பெக்டட்: குழந்தைக்கு அடிப்படை கட்டணம் 150, பெரியவருக்கு 300, குழந்தை பேருக்கு நேரா பெர்த் நம்பர் வரக்கூடாது

இத எழுதும்போதே ஒரு கேள்வி வரும், பாதின்னா எதுல பாதி, அடிப்படை கட்டணத்துலயா இல்ல ரிசர்வேஷன் சார்ஜ் எல்லாம் சேத்த மொத்தத்துலயா? ரெக்வயர்மென்ட் (ஆப் என்ன செய்யணும்ங்கறது) எழுதுனவங்ககிட்ட அப்பவே கேட்டுடுங்க, நீங்களா ஒன்னை நினைச்சுக்காதீங்க. எனக்கு பாதி பக் இப்படி எழுதறப்பவே சிக்கிடும், ஆப்பை தொறக்கவே வேண்டியதில்ல.

ஒரு கேஸ்ல ஒரு விஷயம்தான். லாகின், புக்கிங், கேன்சல் மூணையும் ஒரே கேஸ்ல போட்டா ஃபெயில் ஆகும்போது எது உடைஞ்சதுன்னே தெரியாது.

தப்பான டேட்டா போடற கேஸை கடைசியில அவசரத்துல எழுதறவங்கதான் நிறைய. வயசுல மைனஸ் 1, காலியா விட்ட பேர், பேமென்ட் நடுவுல நெட் கட் ஆகறது, இதெல்லாம் முன்னாடியே வரட்டும். அப்புறம் நம்மாளுங்க பேர்! "மு. கண்ணன்"ன்னு இனிஷியலோட வந்தா புள்ளியை ஏத்துக்குதா, கடைசிப் பேர் கட்டாயம்னு அடம் பிடிக்குதா, இது ஒரு கேஸ் கண்டிப்பா வேணும்.

கேஸோட ஐடி நம்பர், ப்ரையாரிட்டி (எது முக்கியம்ங்கறது) எல்லாம் உங்க டீம்ல எப்படியோ அப்படியே போட்டுக்கங்க.

எழுதி முடிச்சதும் ப்ராஜெக்ட் தெரியாத ஒருத்தரை உக்கார வச்சு ஓட்ட சொல்லிட்டு நீங்க வாயே தொறக்காதீங்க. போன வாரம் புதுசா வந்த பொண்ணுகிட்ட ஒரு ஷீட்டை குடுத்தேன், அஞ்சே நிமிஷத்துல "அண்ணா, இந்த பட்டன் எந்த ஸ்க்ரீன்ல இருக்கு?"ன்னு கேட்டா. விட்டுப்போன ஸ்டெப் அதான், அங்கேயே சேத்துட்டேன்.