எட்சிங்கில் காடு வரைகிறீர்களா? தகட்டைக் கெடுக்கும் தவறுகள் இவை

எட்சிங் என்பது மெழுகு பூசிய செம்புத் தகட்டில் ஊசியால் வரைந்து, அந்தக் கோடுகளை அமிலத்தில் அரித்து, மை நிரப்பித் தாளில் அச்சடிக்கும் முறை. சென்ற மாதம் என் பட்டறைக்கு வந்த இருவர், நான் பல வருடம் முன்பு கெடுத்த மாதிரியே ஆளுக்கொரு செம்புத் தகட்டைக் கெடுத்தார்கள். இருவரும் பார்த்து வரைந்தது ஓவியர் தியோதோர் ரூசோவின் 1861ஆம் ஆண்டு எட்சிங்: ஃபோன்தேன்ப்ளோ காட்டில் பாறைகளுக்கு நடுவே வளர்ந்த ஓக் மரங்கள். படம் இடவலம் மாறி விழும் என்பதையெல்லாம் இங்கே சொல்லப்போவதில்லை. முதல் பிரதியிலேயே அது புரிந்துவிடும்.

இருட்டுக்காகக் கோடுகளை நெருக்குவது

இன்றும் எனக்கு எரிச்சல் மூட்டுகிற தவறு இதுதான். மரத்தடி கருப்பாக வேண்டும் என்று மெழுகுப் பூச்சின் மேல் ஊசியால் குறுக்கும் நெடுக்குமாக இழுத்துக்கொண்டே இருப்பார்கள். அப்புறம் கருப்பு போதாதோ என்று பயந்து தகட்டை அமிலத்திலேயே விட்டுவிடுவார்கள். அமிலம் ஆழமாக மட்டும் அரிப்பதில்லை, பக்கவாட்டிலும் அரிக்கும். நைட்ரிக் அமிலம் இதில் இன்னும் மோசம். இரண்டு கோடுகளுக்கு நடுவே மிஞ்சிய மெல்லிய செம்பு கரைந்து, கோடுகள் ஒன்றாகி அகலப் பள்ளமாகிவிடும். அதில் மை நிற்காது, துடைக்கும் துணியோடு வந்துவிடும். அடர்கருப்பு வேண்டிய இடத்தில் சாம்பல் திட்டுதான் விழும். பிரெஞ்சில் இதற்கு 'க்ரெவே' என்று தனிப் பெயரே உண்டு.

மூன்று வாரம் ஊசி பிடித்த என் தகடு ஒன்று இப்படித்தான் போனது. சுரண்டினேன், மெருகிட்டேன், பின்பக்கம் சுத்தியலால் தட்டி மேடாக்கினேன். அந்த இடம் கடைசிவரை தேறவில்லை.

கருப்பைத் தருவது கோட்டின் ஆழம். கோடுகளுக்கு இடைவெளி விடுங்கள். தூரத்து மரங்கள் கொஞ்ச நேரம் அரிக்கப்பட்டதும் தகட்டை எடுத்துக் கழுவி, அவற்றின் மேல் வார்னிஷ் பூசி மூடிவிட்டு மீண்டும் இறக்குங்கள். அடிமரங்களுக்குத்தான் கடைசிவரை அமிலம். அமிலத்துக்குப் பதில் நான் பயன்படுத்தும் ஃபெரிக் குளோரைடு கரைசலில் தூரத்துக் கிளைக்கு 5 நிமிடம், முன்னால் நிற்கும் அடிமரத்துக்கு 45 நிமிடம் ஆகிறது. உங்கள் கரைசலுக்கு எவ்வளவு என்று ஒரு துண்டுத் தகட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். பிரெஞ்சு எட்சிங் கலைஞர் மாக்ஸீம் லலான் 1866இல் எழுதிய எட்சிங் கையேடும் இந்தப் படிப்படியான அரிப்பைத்தான் கற்றுத்தருகிறது.

பலவீனமான கோட்டை மையால் மறைப்பது

1862இல் பாரிஸில் பதிப்பாளர் அல்ஃப்ரெட் கதார் எட்சிங் கலைஞர்களுக்காகச் சங்கம் தொடங்கியபோது, அச்சடிப்பில் பேர்போனவர் ஒகுஸ்த் தெலாத்ர். தகட்டின் மேல் மெல்லிய மைப்படலத்தை விட்டு அந்தி வெளிச்சத்தையே கொண்டுவருவார். அது அழகு, சரி. ஆனால் முதலில் தகட்டைச் சுத்தமாகத் துடைத்து ஒரு பிரதி எடுங்கள். அதிலேயே மரம் நிற்க வேண்டும்.

டிரைபாயின்ட் தகட்டில் சோதனைப் பிரதிகளாக எடுத்துத் தள்ளுவது

டிரைபாயின்டில் அமிலம் இல்லை, ஊசியால் தகட்டையே நேராகக் கீற வேண்டும். ஊசி கிழித்த ஓரத்தில் எழும் பிசிறுதான் அந்த வெல்வெட் கருப்பைத் தருகிறது. ஆங்கிலேய எட்சிங் கலைஞர் சீமோர் ஹேடன் 1863இல் செய்த அயர்லாந்து அந்திக் காட்சியில் மரங்களின் நிழலைப் பாருங்கள். பிரஸ்ஸில் ஒவ்வொரு முறை ஓடும்போதும் அந்தப் பிசிறு நசுங்கும். சோதனைக்கு இரண்டு பிரதி போதும்.

காய்ந்த தாள்

வேண்டாம். முந்தின இரவே நனைத்து வையுங்கள்.