ஆச்சியின் குரலை முதலில் பத்திரப்படுத்துங்கள்

உடன்பிறந்தவர் திடீரென்று போய்விட்டால் காரியங்களைச் சொல்லித்தரப் பங்காளிகளும் பெரியவர்களும் இருக்கிறார்கள். அவரை எப்படி நினைவில் வைத்திருப்பது என்று சொல்லித்தர யாரும் வருவதில்லை. தேவகோட்டையில் நாங்கள் தமக்கையை ஆச்சி என்போம், அப்பாவை அப்பச்சி என்போம். என் ஆச்சி காலையில் என்னோடு பேசினார், மாலையில் இல்லை. அதன் பிறகு செய்தவற்றை, அதே துயரில் இருப்பவர்களுக்காக எழுதுகிறேன்.

எல்லாரும் அலமாரியைத் திறக்க அவசரப்படுவார்கள். நீங்கள் முதலில் கைபேசியை எடுங்கள். நோய் என்று ஒருநாளும் படுக்காதவர் என்பதால் ஆச்சியின் பேச்சை யாரும் பதிவு செய்து வைக்கவில்லை. "தம்பி, சாப்பிட்டாயா? அப்பச்சிக்கு மாத்திரை வாங்கினாயா?" என்று வாட்ஸ்அப்பில் அனுப்பிய குரல் செய்திகள் மட்டுமே இருந்தன. 120 நாள் பயன்படுத்தாத வாட்ஸ்அப் கணக்கு பொதுவாக நீக்கப்பட்டுவிடும். பிரீபெய்டு எண்ணில் 90 நாள் எந்தப் பயன்பாடும் இல்லையென்றால் இணைப்பைத் துண்டித்துவிடலாம். பிறகு அந்த எண் முன்பின் தெரியாத ஒருவரிடம் போய்ச் சேரும். அத்தானிடம் கேட்டு ரீசார்ஜ் செய்தேன். உரையாடல்களைக் குரல் பதிவுகளோடு ஏற்றுமதி செய்து கணினியிலும் பென்டிரைவிலும் வைத்தேன். கேட்க மனம் துணியாவிட்டால் இப்போது கேட்க வேண்டாம். எடுத்து வைத்தால் போதும்.

புடவைகளை உடனே பங்கிட்டுக் கொடுக்கச் சொல்வார்கள். பொறுங்கள். ஆச்சிக்குக் கண்டாங்கி என்றால் உயிர். காரைக்குடிக் கண்டாங்கிக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தபோது, தமக்கே பரிசு கிடைத்ததுபோல் எல்லாரிடமும் சொன்னார். பருத்திப் புடவையைக் கஞ்சி போக அலசி, நிழலில் உலர்த்தி, பழைய வெள்ளை வேட்டியில் சுற்றி வையுங்கள். கஞ்சியைத் தேடிப் பூச்சி வரும். சில மாதங்களுக்கு ஒருமுறை மடிப்பை மாற்றுங்கள், இல்லையென்றால் மடிந்த இடத்தில் நூல் இற்றுவிடும். ஒன்றை மட்டும் துவைக்காமல், அவர் வாசனையோடு வைத்துக்கொள்ளத் தோன்றினால் தயங்காதீர்கள்.

அடுத்தது அவருடைய கைப்பக்குவம். இதற்குத்தான் அதிக நேரம் கொடுக்க வேண்டும் என்பேன். ஆச்சியின் வெள்ளைப் பணியாரம் எங்கும் எழுதி வைக்கப்படவில்லை. அளவு ஊரறிந்தது: ஆழாக்கில் பச்சரிசியைத் தலைதட்டி, அதன்மேல் நிற்கும் மட்டும் உளுந்தைக் கோபுரமாகக் குவிப்பது. இரண்டையும் ஊறவைத்து மைய அரைப்பது. ஆகவே என்னென்ன போடுவார் என்று கேட்பதில் பயனில்லை. கூட நின்றவர்களிடம், எதைச் செய்யவிட மாட்டார், எப்போது போதும் என்பார் என்று கேளுங்கள். மாவைப் புளிக்க விடமாட்டார், கரைக்கும்போது கொஞ்சம் பால் விடுவார் என்றார் சின்னாத்தா. சட்டியில் ஒரு தடவைக்கு ஒன்றுதான், அது தானாக எழும்பி வரும்வரை கரண்டி படக்கூடாது என்றார் வீட்டோடு சமையலுக்கு இருந்த அம்மாள். பால் விட்டுப் பார்த்ததே இல்லை என்றாள் ஆச்சியின் மகள். மூன்றையும் அவரவர் வார்த்தையிலேயே, பெயர் குறித்து, ஒரே நோட்டில் எழுதினேன். முரண்பட்டால் திருத்தாதீர்கள். ஒவ்வொருவரும் பார்த்த ஆச்சி வேறு.

ஆண்டுத் திதி தவிர, அவரைப் பற்றிப் பேச இன்னொரு நாளும் வேண்டும். எங்களுக்கு அது பிள்ளையார் நோன்பு. திருக்கார்த்திகையிலிருந்து 21-ஆம் நாள், இழை எடுத்துக்கொள்ள, அதாவது மாவில் வைத்து ஏற்றிய நூல்திரியைச் சுடரோடு வாயில் போட்டுக்கொள்ள, உறவெல்லாம் ஒரே வீட்டில் கூடும். இழை மாவு பிசைவது ஆச்சியின் வேலையாக இருந்தது. இப்போது மகள் பிசைகிறாள். இழை எடுத்து முடிந்ததும் ஆளுக்கொரு சம்பவம் சொல்கிறோம். பிள்ளைகளை அனுப்பிவிடாதீர்கள், அவர்களுக்காகத்தான் இந்தப் பேச்சே. தாயத்தில் தோற்றால் அன்று முழுதும் ஆச்சி முகம் கொடுத்துப் பேசமாட்டார் என்பதையும் சொல்லுங்கள். முன்னோருக்குப் படையலிடும் படைப்பில் வைத்து வணங்கும் நாள் தனியே வரும். இங்கே நம்மோடு சண்டை போட்டவராகவே இருக்கட்டும். யாராவது அழுதால் பேச்சை மாற்ற வேண்டாம்.

மாலையிடத் திருமணப் படத்தைத் தேடாதீர்கள்; கடைசி ஆண்டுகளில் அவர் எப்படி இருந்தாரோ அந்த முகம் வேண்டும். பழைய படங்களின் பின்புறம் மெல்லிய பென்சிலால் ஆண்டு, இடம், உடன் நிற்பவர் பெயர் எழுதுங்கள். அதைத் தள்ளிப்போடாமல் பெரியவர்களை உட்காரவைத்துக் கேளுங்கள். சிறு வயதில் ஆச்சியைத் தூக்கி வைத்திருக்கும் பெண் யார் என்பது எங்கள் வீட்டில் அப்பச்சி ஒருவருக்குத்தான் தெரிந்திருந்தது.