‘பல்லி’ என்று வந்தால் எந்தப் பல்லி?

சுவரில் ஊர்வதுதான் பல்லி என்று முடிவுகட்டிக்கொண்டு சங்கப் பாட்டைத் திறந்தால் வயலில் இடறும். பொருள் பிரிக்க, சொல்லுக்குப் பக்கத்தில் நிற்கும் வினையை முதலில் பாருங்கள்.

‘சொல்லியது’, ‘பட்டது’ என்று வந்தால் ஊர்வனதான். நற்றிணை 98-இல் புனம் மேயப் போகும் பன்றி, பொறி வைத்த நூழைக்குள் (சிறு வழிக்குள்) நுழையும் நேரத்தில் ‘பல்லி பட்டென’ மெல்ல மெல்லப் பின்வாங்குகிறது. இங்கே ‘படு’ என்றால் ஒலித்தல். அடிபட்டது என்று இன்றைய பொருளில் எடுத்தால் நிமித்தம் போய்விடும், பன்றி திரும்பியதற்குக் காரணமே இல்லாமல் ஆகிவிடும். அதே பாட்டில் பன்றி போய்த் தங்குவது ‘கல்லளைப் பள்ளி’யில். அது படுக்குமிடம். ல, ள மாறிய பிரதியை வைத்துப் படிப்பவர்கள் பன்றியைப் பல்லியோடு குடிவைத்துவிடுவார்கள்! இரண்டு சொல்லும் அருகருகே வரும் இடங்களில் நல்ல பதிப்போடு எழுத்தெழுத்தாக ஒப்பிடுவது அவசியம்.

‘ஆடிய’ என்ற வினை வந்து சுற்றிலும் உழவு இருந்தால் பொருள் வேறு. புறநானூறு 120-இன் வரிசையைக் கவனியுங்கள்: புழுதி மயங்கப் பலமுறை உழுது, விதைத்து, ‘பல்லி ஆடிய’ பிறகு களை நீக்கி, கடைசியில் வரகு அறுக்கிறார்கள். விதைப்புக்கும் களையெடுப்புக்கும் நடுவில் பல்லி நடனமாட வேலையில்லை. இது தாளியடிக்கும் கருவி. பல்லுப் பல்லாக முனை உள்ள அதை முளைத்த பயிரின் மேல் ஓட்டினால் நெருக்கம் கலையும், மண் இளகும், பயிர் கிளைவிடும். அடுத்த சொல் ‘பல்கிளை’ என்பதே சான்று. ஆக, ஐயம் வந்தால் ஒரு வரியோடு நிற்காமல் முன்னும் பின்னும் நாலைந்து வரி படித்து வேலைகளின் வரிசையைப் பிடிக்க வேண்டும்.

பல்லி மிட்டாயில் குழப்பமில்லை. பல்லி முட்டை போலச் சின்னதாக இருப்பதால் வந்த பெயர்.

பல்லியின் இன்னொரு பெயரான கௌளிக்கு வேறொரு சிக்கல். ‘கௌளி விழும் பலன்’ என்றால் ஊர்வன. முன்னால் எண்ணும் பின்னால் வெற்றிலையும் இருந்தால் அது கட்டுக் கணக்கு. கவுளி என்றும் எழுதுவார்கள். பொதுவாக ஒரு கவுளிக்கு 100 இலை, ஆகவே இரண்டு கவுளி வெற்றிலை 200. கட்டின் அளவு இடத்துக்கு இடம் மாறும், வாங்குமுன் கேட்டுக்கொள்ளுங்கள்.

மின்னகராதியில் ‘கௌளி’ அகப்படவில்லை என்றால் தட்டச்சைச் சோதியுங்கள். கெ, ள, ளி என்று மூன்று எழுத்தாக அடித்தாலும் திரையில் ஏறக்குறைய அதே உருவம்தான் தெரியும், ஆனால் தேடல் அதை வேறு சொல்லாகவே எடுத்துக்கொள்ளும். கடைசி ‘ளி’யை அழித்துவிட்டு இன்னொரு முறை அழியுங்கள். ‘கெ’ மிஞ்சினால் தவறாக அடித்திருக்கிறீர்கள். ஔகாரக் குறியோடு ‘கௌ’ என்று ஒரே எழுத்தாக அடித்துத் தேடுங்கள். அப்படியும் வராவிட்டால் ‘கவுளி’, ‘கெவுளி’ என்ற வடிவங்களையும் தட்டிப் பார்க்கலாம்.