விலையை அப்புறம் கேளுங்கள்

திருத்துறைப்பூண்டிப் பக்கம் எங்களுடையது களிமண். மழையில் ஊறி உப்பும், கோடையில் கை நுழையும் அளவுக்கு வெடிக்கும். ஆகவே, வீடு கட்ட ஒப்பந்ததாரர் வந்தால் சதுர அடிக்கு எவ்வளவு என்று நான் முதலில் கேட்பதில்லை. "இந்த மண்ணில் அஸ்திவாரம் எப்படிப் போடுவீர்கள்?" என்றுதான் கேட்பேன். மண் பரிசோதனை, பைல் (மண்ணுக்குள் ஆழமாக இறக்கும் தூண்), கிரேடு பீம் (அந்தத் தூண்களை இணைக்கும் உத்தரம்) என்று பேசுகிறவரோடு மேற்கொண்டு பேசலாம். "எல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன்" என்பவருக்குக் காபி கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

அவர் அண்மையில் கட்டிய வீட்டைப் பார்த்து மயங்க வேண்டாம். பெயின்ட் வாசனை போகாத வீடு எல்லாமே அழகுதான். 2018 கஜா புயலுக்கு முன் கட்டியது ஏதாவது இருக்கிறதா என்று கேளுங்கள். ஐப்பசி அடைமழையில் அங்கே போங்கள். ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஓடும் விரிசல், சுவரடியில் ஏறிய ஈரம், இரண்டையும் பாருங்கள். வீட்டுக்காரர் கௌரவத்துக்காக மறைப்பதை அந்த வீட்டு அம்மா சொல்லிவிடுவார்.

கடலோர ஊர் என்றால் கலவைக்கு எந்தத் தண்ணீர் என்றும் கேளுங்கள். உப்புத் தண்ணீர் கம்பியை அரித்துவிடும்.

பணத்தில் நான் ஏமாந்தவன். பாதித் தொகையை முன்பணமாகக் கொடுத்தேன். கதவு, ஜன்னலுக்கு மேல் வரும் லிண்டல் மட்டத்தோடு ஆள் மறைந்தார். இப்போது அஸ்திவாரம், லிண்டல், தளம், பூச்சு என ஒவ்வொன்றும் முடிந்த பிறகே பணம். கம்பி அளவு, கல்லை உடைத்துச் செய்யும் எம்-சாண்டா ஆற்று மணலா, தளத்துக் கான்கிரீட் இறுக எத்தனை நாள் தண்ணீர் கட்டுவது, எல்லாம் எழுத்தில் இருக்கும். தை அறுவடைக்குச் சித்தாள்கள் போய்விட்டால் மாற்று ஆள் யார் என்பதும்தான்.