தமிழ் தெரிந்தால் மட்டும் தட்டு தெரிந்துவிடாது: சிங்கப்பூரில் உணவியல் நிபுணர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சிங்கப்பூரில் பலதுறை மருந்தகத்திலோ மருத்துவமனையிலோ புதிதாக வேலைக்குச் சேரும் தமிழ் உணவியல் நிபுணரிடம், தமிழ் பேசும் நோயாளிகளைச் சக ஊழியர்கள் தானாகவே திருப்பிவிடுவார்கள். "உங்க சாப்பாடு உங்களுக்குத்தானே தெரியும்" என்பார்கள். நோயாளிக்கும் நிம்மதி, நமக்கும் பெருமை. ஆனால் வேறு இனத்தவரிடம் கேட்டிருக்கக்கூடிய பத்துக் கேள்விகளை நம் ஆட்களிடம் கேட்காமலே விட்டுவிடுகிறோம். இந்தத் துறையில் நான் பார்க்கும் தவறுகளில் பாதிக்கு மேல் இதிலிருந்துதான் வருகின்றன.

விளையாட்டான விஷயம் இல்லை இது. சுகாதார அமைச்சு 2016இல் நீரிழிவுக்கு எதிரான போரை அறிவித்தது. மறு ஆண்டு தேசிய தினப் பேரணி உரையில் அப்போதைய பிரதமர் லீ சியன் லூங், 60 வயதைத் தாண்டிய இந்தியர்களில் பத்தில் ஆறு பேருக்கு நீரிழிவு இருப்பதாகச் சொன்னார். நம் முன்னால் வந்து உட்காருபவர்கள் இவர்கள்தான்.

"தமிழர் சாப்பாடு" என்று ஒன்று இருப்பதாக நினைத்துக்கொள்வது முதல் தவறு. தோ பாயோவில் பிறந்து வளர்ந்த அறுபது வயது அங்கிள் காலையில் பீஹூன், மதியம் சிக்கன் ரைஸ் சாப்பிடுகிறவராக இருக்கலாம். சென்னையிலிருந்து வந்த ஐடி குடும்பத்தில் இரவில் சப்பாத்தி, வார இறுதியில் பீட்சா. கப்பல் பட்டறையில் வேலை செய்யும் புதுக்கோட்டைத் தம்பிக்குக் கேட்டரிங் பொட்டலம். தமிழ் முஸ்லிம் வீட்டில் வேறு மாதிரி. நால்வருக்கும் "இட்லி இரண்டு, சாம்பார் ஒரு கிண்ணம்" என்று அச்சடித்த ஒரே தாளைக் கொடுத்தால், அது லிஃப்ட் வரை போவதே அதிகம்.

கோப்பையில் இருப்பதைக் கேளுங்கள்

நேற்று என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டால் யாரும் தேநீரைச் சொல்வதில்லை. அவர்கள் மறைக்கவில்லை. அவர்கள் கணக்கில் அது சாப்பாடே இல்லை. உரையாடல் பெரும்பாலும் இப்படித்தான் போகும்:

"காலையில என்ன சாப்பிடுவீங்க ஆன்ட்டி?"

"தோசைதான்மா. ரெண்டு."

"அப்புறம்?"

"அப்புறம் மத்தியானம்தான்."

"நடுவுல தே எதுவும்?"

"ஆங், அது எந்திரிச்சதும் ஒண்ணு. மார்க்கெட் போயிட்டு வர்றப்ப கோப்பிக்கடையில ஒண்ணு. சாயங்காலம் பக்கத்து வீட்டு அம்மாவோட ஒண்ணு."

"கடையில எப்படிச் சொல்லி வாங்குவீங்க?"

"சும்மா தேதான்."

அந்தச் "சும்மா தே" கெட்டிப்பால் ஊற்றியது. இனிப்பிட்ட கெட்டிப்பாலின் எடையில் பாதிக்கு மேல் சர்க்கரைதான். தோசையைக் குறைக்கச் சொல்லிக் கால் மணி நேரம் பேசிவிட்டு, மூன்று கோப்பையைக் கேட்காமல் அனுப்புவது பெரிய இழப்பு. கடையில் சொல்ல வேண்டியதை அப்படியே சொல்லிக் கொடுங்கள்: இனிப்பு குறைய வேண்டுமானால் "சியூ தாய்", சர்க்கரையே வேண்டாம் என்றால் "தே சி கொசோங்" (கெட்டிப்பாலுக்குப் பதில் இனிப்பில்லாத ஆவிப்பால்), பாலும் வேண்டாம் என்றால் "தே ஓ கொசோங்". ஒரேயடியாகக் கொசோங்குக்குத் தாவச் சொன்னால் நாலு நாளில் பழைய தேவுக்கே திரும்பிவிடுவார்கள். இரண்டு வாரம் சியூ தாயில் இருக்கட்டும்.

பானத்தில் உள்ள சர்க்கரை, நிறைவுற்ற கொழுப்பின் அளவை ஏ முதல் டி வரை தரம் பிரித்துக் காட்டும் நியூட்ரி-கிரேட் முத்திரையைப் பார்த்து வாங்கச் சொல்வதோடு நிறுத்திக்கொள்வதும் போதாது. பொட்டலமிட்ட பானங்களுக்கு 2022 டிசம்பர் 30 முதலும், கடையில் தயாரிக்கும் பானங்களுக்கு 2023 டிசம்பர் 30 முதலும் அது நடப்புக்கு வந்தது. ஆனால் சிறு கடைகளுக்கு விலக்கு உண்டு. ஆன்ட்டி தே வாங்கும் கடையில் ஏ, பி, சி, டி எதுவுமே ஒட்டியிருக்காது.

சமைப்பவர் யார்?

எண்ணெயைக் குறையுங்கள் என்று சொல்லும்போது எதிரில் இருப்பவர் கரண்டி பிடிக்கிறவர்தானா? பல வீடுகளில் சமைப்பது மருமகள், அல்லது மியன்மாரிலிருந்தோ இந்தோனீசியாவிலிருந்தோ வந்த பணிப்பெண். அய்யாவிடம் நாம் சொன்னது வீட்டுக்குப் போய்ச் சேரும்போது "டாக்டர் வீட்ல எண்ணெயே ஊத்தக் கூடாதுன்னுட்டாங்க" என்று மாறியிருக்கும். அடுத்த முறை சமைப்பவரையும் அழைத்து வரச் சொல்லுங்கள். முடியாவிட்டால் அங்கிருந்தே கைப்பேசியில் அழைத்துப் பேசுங்கள்.

"எவ்வளவு எண்ணெய் ஊற்றுவீர்கள்?" என்ற கேள்விக்கு எல்லாரும் "கொஞ்சம்தான்" என்பார்கள். மாதத்துக்கு எத்தனை லிட்டர் வாங்குகிறீர்கள் என்று கேளுங்கள், கணக்கு தானாக வந்துவிடும். நான்கு பேர் உள்ள வீட்டில் 5 லிட்டர் கேன் ஒரு மாதத்தில் தீர்ந்தால், ஆளுக்கு ஒரு நாளைக்கு 40 மில்லிலிட்டருக்கு மேல். ஏறக்குறைய எட்டுத் தேக்கரண்டி. குற்றம் சொல்லாமல் இந்தக் கணக்கை அவர்கள் முன்னாலேயே போட்டுக் காட்டினால் போதும், மற்றதை அந்த அம்மாவே சொல்வார்: "அப்ப அஞ்சு லிட்டர ஒன்றரை மாசத்துக்கு வச்சுக்கிறேன்."

ஒன்பதா, நூற்று அறுபத்திரண்டா?

இங்கே ரத்தச் சர்க்கரையை லிட்டருக்கு மில்லிமோலில் சொல்கிறோம். ஊரில் டெசிலிட்டருக்கு மில்லிகிராம். திருச்சியில் இருக்கும் தங்கை போனில் "எனக்கு 140 வந்திருச்சு" என்று அழுதால், இங்கே 9 காட்டியவர் "எனக்கு ஒன்பதுதான்" என்று நிம்மதியாகத் தூங்குவார். மில்லிமோலை 18ஆல் பெருக்கினால் மில்லிகிராம் வரும். ஒன்பது என்பது 162. ஊரில் வாங்கி வந்த கருவியை வீட்டில் வைத்துக்கொண்டு, மருந்தகச் சீட்டில் இருக்கும் எண்ணோடு ஒப்பிட்டுக் குழம்புகிறவர்களும் இருக்கிறார்கள். குறிப்பேட்டை வாங்கிப் பார்க்காமல் "கட்டுப்பாட்டில் இருக்கிறதா?" என்று வாய்வார்த்தையாகக் கேட்டுவிட்டு நகராதீர்கள்.

உடல் எடைக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். உடல் எடைக் குறியீட்டுக்கு (பிஎம்ஐ) மேல்நாட்டுப் பாடப்புத்தகத்தின் 25, 30 என்ற எல்லைகளை இங்கே வைக்காதீர்கள். ஆசியர்களுக்கு அது 23லிருந்தே அபாயம் ஏறத் தொடங்குகிறது, 27.5க்கு மேல் அபாயம் அதிகம். அதற்காக எழுபத்தைந்து வயதுப் பாட்டியிடம் எடையைக் குறைக்கச் சொல்வதும் தவறுதான். பல்லில்லை என்று மூன்று வேளையும் கஞ்சி குடிப்பவருக்குச் சர்க்கரை விறுவிறுவென ஏறும், தசை கரையும். அவருக்கு முட்டை, மீன், மசித்த பருப்பு, தயிர் என்று புரதத்தைச் சேர்ப்பதுதான் முதல் வேலை.

தங்குவிடுதித் தம்பிக்கு எழுதும் தாள்

என்னை மிகவும் வருத்தப்பட வைக்கும் தவறு இது. வெளிநாட்டு ஊழியர் ஒருவர் முதன்முறையாக நீரிழிவு என்று தெரிந்து வருகிறார். அவருக்குப் பழுப்பரிசி, சாலட், ஓட்ஸ் என்று எழுதிக் கொடுத்து அனுப்புகிறோம். அவருக்கு அடுப்படிக்குப் போக நேரம் கிடையாது. மாதக் கட்டணம் கட்டி வாங்கும் கேட்டரிங் சாப்பாடு. பலருக்கு மதியப் பொட்டலமும் விடியற்காலையிலேயே வந்துவிடும். அதில் சோறு மலைபோல இருக்கும், குழம்பு ஊற்றியிருக்கும், கூட்டு பொரியல் பேருக்கு இருக்கும்.

அவரிடம் கேட்க வேண்டியவை வேறு. பொட்டலத்தில் என்னென்ன வருகிறது? கைப்பேசியில் படம் இருக்கிறதா? சப்பாத்திக்கு மாற்றித் தருவார்களா? நாள் முழுக்க வெயிலில் என்ன குடிக்கிறார்? பல நேரம் பெரிய சிக்கல் சோற்றைவிட, தாகத்துக்குக் குடிக்கும் குளிர்பானத்திலும் சர்க்கரை போட்ட எனர்ஜி பானத்திலும்தான் இருக்கும். அதைத் தண்ணீராக மாற்றுவதற்குக் காசு தேவையில்லை. சோற்றில் மூன்றில் ஒரு பங்கை எடுத்துவிட்டு அவித்த முட்டை இரண்டோ, ஒரு கை சுண்டலோ சேர்க்கலாம்.

நினைவில் வையுங்கள், அவர் பத்து மணி நேரம் இரும்பு தூக்குகிறவர். அலுவலகத்தில் உட்கார்ந்திருப்பவருக்குப் போட்ட கலோரிக் கணக்கை அவருக்குப் போட்டால் சாரத்தில் நிற்கும்போது தலை சுற்றும். மருந்தின் பேரைக் கட்டாயம் பாருங்கள். கிளிப்பிசைடு, கிளிக்கிளசைடு போன்ற நீரிழிவு மாத்திரைகளை எடுப்பவர் சாப்பாட்டைத் தள்ளிப்போட்டால் சர்க்கரை இறங்கிவிடும்.

விரதமும் நோன்பும்

"விரதம் வேண்டாம்" என்று ஒரு வரியில் முடிப்பவர்கள் உண்டு. அப்படிச் சொன்னால் அவர் விரதத்தை விடப்போவதில்லை, நம்மிடம் சொல்வதைத்தான் விடுவார். தைப்பூசத்துக்குக் காவடி எடுப்பவர், தீமிதிக்கு விரதம் இருப்பவர், புரட்டாசி முழுக்கச் சைவம் சாப்பிடுபவர், ரமலானில் முப்பது நாளும் நோன்பு பிடிப்பவர் எல்லாரும் வருவார்கள். ஒரு மாதம் முன்பே கேட்டுவிடுங்கள். ஒருவேளை உணவா, பால் பழம் மட்டுமா, எத்தனை மணிக்கு விடுகிறார் என்று தெரிந்தால்தான் மருத்துவரிடம் மருந்து நேரத்தைப் பற்றிப் பேச முடியும். மருந்தின் அளவை நாமே மாற்றிச் சொல்லக் கூடாது, "இன்னைக்கு ஒரு நாள் போடாதீங்க" என்பது உட்பட.

ரத்தச் சர்க்கரை 4.0 மில்லிமோலுக்குக் கீழே இறங்கினால் விரதத்தை உடனே விட வேண்டும் என்பதைத் தெளிவாகச் சொல்லுங்கள். 15 கிராம் சர்க்கரை, அதாவது மூன்று தேக்கரண்டியைத் தண்ணீரில் கரைத்துக் குடித்துவிட்டு, கால் மணி நேரத்தில் மறுபடி பார்க்க வேண்டும். அருகில் யாராவது ஒருவருக்கு இது தெரிந்திருக்கட்டும்.

சைவம் என்றதும் இன்னொன்று. நீரிழிவுக்குப் பல ஆண்டு மெட்ஃபார்மின் எடுக்கும் சைவ உணவுக்காரருக்கு வைட்டமின் பி12 குறைய இரட்டைக் காரணம் இருக்கிறது. சாப்பாட்டில் வரத்து குறைவு, மருந்தும் உடல் அதை ஏற்பதைக் குறைக்கிறது. கால் மரத்துப்போவதை எல்லாம் சர்க்கரையின் தலையில் கட்டிவிடாமல், பி12 பரிசோதனை செய்ததுண்டா என்று மருத்துவருக்கு ஒரு குறிப்பு எழுதுங்கள்.

உப்பு

2022 தேசிய ஊட்டச்சத்து ஆய்வின்படி இங்குள்ளவர்கள் சராசரியாக ஒரு நாளைக்கு 3,620 மில்லிகிராம் சோடியம் எடுக்கிறார்கள். பரிந்துரை 2,000. ஊறுகாய், அப்பளம், மோர்மிளகாய், கருவாடு என்று நம் வீட்டுக் கணக்கும் இதில் உண்டு. சோடியம் குறைந்த உப்புக்கு மாறச் சொல்வது பலருக்கு நல்ல யோசனை. ஆனால் அந்த உப்பில் சோடியத்துக்குப் பதிலாகப் பொட்டாசியம் சேர்த்திருப்பார்கள். சிறுநீரகம் பழுதானவருக்கும், ரத்த அழுத்தத்துக்கு லோசார்ட்டான், எனலாப்ரில் போன்றவை எடுப்பவருக்கும் பொட்டாசியம் ஏறினால் இதயத் துடிப்பே தடுமாறலாம். கடைசி ரத்தப் பரிசோதனையைப் பார்க்காமல் இந்த உப்பைப் பரிந்துரைக்கவே கூடாது. பொட்டாசியம் நிறைந்த இளநீரை உடம்புக்குக் குளிர்ச்சி என்று தினமும் குடிக்கும் சிறுநீரக நோயாளியிடமும் இதே பேச்சைப் பேச வேண்டியிருக்கும்.

எல்லைகள்

சத்துமாவு, மாத்திரை விற்று அதில் பங்கு வாங்காதீர்கள். சர்க்கரையை வேரோடு போக்குகிறேன் என்று வாக்குக் கொடுக்காதீர்கள். ஊரில் ஊட்டச்சத்துப் படிப்பு முடித்து வருகிறவர்கள், மருத்துவமனை கேட்பது நோயாளிகளோடு பயிற்சி பெற்ற உணவியல் தகுதியையா என்று விண்ணப்பிக்கும் முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள். குழாய் வழி உணவு, சிறுநீரக நோய் உணவுமுறை எல்லாம் பொது ஊட்டச்சத்துப் பட்டத்தோடு தொடக்கூடியவை அல்ல.

நம் சமூகம் சின்னது. மருந்தகத்தில் பார்த்தவரை ஞாயிற்றுக்கிழமை தேக்கா சந்தையில் மறுபடி பார்ப்பீர்கள். "சர்க்கரை இப்ப எப்படி இருக்கு ஆன்ட்டி?" என்று அங்கே கேட்கக் கூடாது. பக்கத்தில் சம்பந்தி வீட்டார் நின்றுகொண்டிருக்கலாம். 2012ஆம் ஆண்டின் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும், அந்தக் கேள்விக்குப் பிறகு அவர் நம்மிடம் எதையும் மனம்விட்டுச் சொல்ல மாட்டார். வாட்ஸ்அப்பில் வரும் சாப்பாட்டுத் தட்டுப் படங்களைக் குழுவில் எடுத்துக்காட்டாகப் பகிர்வதையும் விட்டுவிடுங்கள்.

ஒரு சந்திப்புக்கு ஒரு மாற்றம், மிஞ்சிப்போனால் இரண்டு. அதைத் தாளில் எழுதும்போது அவர் சொன்ன சொல்லிலேயே எழுதுங்கள்: "மார்க்கெட்டிலிருந்து வரும்போது தே சியூ தாய்." அடுத்த முறை வந்ததும் எடையைப் பார்ப்பதற்கு முன் இந்த வரியைப் பற்றிக் கேளுங்கள். நடக்கவில்லை என்றால் ஏன் என்று கேட்டு, அந்தக் காரணத்திலிருந்து அன்றைய பேச்சைத் தொடங்குங்கள்.